உரியவர் கேட்டு வரவில்லை

மெக்லாரன் வேல், தெற்கு ஆஸ்திரேலியா,
17 பிப்ரவரி 1991

அன்புள்ள நெரி,

நான் நலம். மூக்கு மட்டும் வெயிலில் தோலுரிந்து தொங்குகிறது. உன் உடம்பு எப்படி? உன் வீட்டுக்காரர் காலினின் முதுகு எப்படி? புறப்படுகிற நாளன்று அந்த முதுகு மக்கர் பண்ணாமல் இருந்திருந்தால் இப்போது நீயும் என் பக்கத்தில் நின்று திராட்சை வெட்டிக்கொண்டிருப்பாய். அக்காளும் தங்கையும் தோள்பையைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரையோரமாகவே மேற்குக் கோடி வரை போவது என்று இரண்டு வருடமாகத் திட்டம் போட்டு, கடைசியில் இளையவள் மட்டும் கப்பலேறினேன். போகட்டும். இதற்கு மேல் திட்டினால் உனக்கு விக்கல் எடுக்கும்.

இதுவரை நடந்த அசம்பாவிதங்கள்: மவுண்ட் கேம்பியரில் பாஸம் என்கிற அந்த மரத்துப் பிராணி ஒன்று என் பைக்குள் புகுந்து ரொட்டியைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போனது. ரோப் ஊரில் என் கூடாரம் காற்றில் பறந்துபோய்க் கடலில் விழுந்தது. நான் அப்போது உள்ளே இல்லை என்பதுதான் நல்ல செய்தி.

இன்னொரு நல்ல செய்தி, வண்டி கிடைத்துவிட்டது. விடுதியின் அறிவிப்புப் பலகையில் ‘பெர்த் வரை போகிறேன், பெட்ரோலில் பாதிப் பங்கு’ என்று ஒரு சீட்டு. ஆளின் பெயர் டாரன். முப்பது வயது, பல்லாரட்டில் கூரை வேலை. பழைய ஸ்டேஷன் வேகன் வைத்திருக்கிறான். நான் இறங்கும்போது சுற்றி வந்து கதவைத் திறந்துவிடுகிறான், கேட்காமலே தேநீர் போட்டுத் தருகிறான். நம் டாஸ்மேனியத் தீவு ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! திராட்சை அறுவடை முடிந்ததும் கிளம்புகிறோம்.

பதிலைப் போர்ட் லிங்கன் தபால் நிலையத்துக்கு அனுப்பு. ‘கேட்டு வாங்கிக்கொள்ளப்படும்’ என்று உறையில் எழுதிவிடு.

முத்தங்களுடன்,
டாம்சின்

ஹியூன்வில், டாஸ்மேனியா,
4 மார்ச்

அன்புள்ள டாம்ஸ்,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். வேலை பார்க்கிற ஆப்பிள் கிடங்கில் ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன், எழுத்து கோழி கிளறினதுபோல் இருப்பது அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. ஆப்பிள் கிடங்குக்கு என் பெயர் போட்டு அனுப்பு. வீட்டுத் தபால் பெட்டியில் நத்தைகள் புகுந்து காகிதத்தைத் தின்கின்றன. உன் கடிதமே ஓரமெல்லாம் அரித்துத்தான் கைக்கு வந்தது. போனும் வேண்டாம், லைன் சரியில்லை.

என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கும் ஹேசல் டைரீனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஃபிராங்க்ளின்காரி, அறுபதைத் தாண்டியவள், ஆப்பிளை உருட்டிக்கொண்டே காது கூசுகிற பாட்டெல்லாம் பாடுவாள். “ஒரு கூடாரத்தையே புடிச்சு வெக்கத் தெரியல, இவ ஆம்பளயப் பாத்துத் தேறப் போறாளாக்கும்” என்றாள்.

டாரன் தேநீர் போட்டுத் தருவது நல்லதுதான். ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிப் பார். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. தொப்பி போடு.

உன் நெரி

போர்ட் லிங்கன்,
29 மார்ச்

அன்புள்ள நெரி,

நலம். உன் மணிக்கட்டு ஆறிவிட்டதா? நத்தைகளுக்கு என் எழுத்து பிடித்திருப்பதில் மகிழ்ச்சி.

நீ சொன்னபடி வேண்டாம் என்று சொன்னேன். கோப்பையைத் தேநீரோடு ஜன்னல் வழியே வீசினான். பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது.

காஃபின் பே பக்கம் கடற்கரை மணலில் வண்டி புதைந்துபோனது. நான்தான் அந்தப் பாதையில் போகச் சொன்னேன் என்றான். நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அவன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதும் சொல்லியிருப்பேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னை வாணலியால் மணலை அள்ளச் சொன்னான். கை ஓய்ந்து நான் நின்றபோதெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டான். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்த பிறகு ஒரு மீன்பிடிக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார். அவரிடம் டாரன் எவ்வளவு இனிமையாகப் பேசினான் தெரியுமா!

என் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடி உடைந்துவிட்டது என்கிறான். அவன் வந்து வெளியிலிருந்து திறந்தால்தான் உண்டு. அதைத்தான் நான் மரியாதை என்று உனக்கு எழுதியிருந்தேன். என் வங்கிப் புத்தகத்தையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அவனே வைத்துக்கொண்டான்.

நான்தான் பெரிதாக நினைக்கிறேனோ என்னவோ. மற்றபடி சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஸ்ட்ரீக்கி பேயில் அவனுக்குக் கொஞ்ச நாள் கூரை வேலை இருக்கிறது. அதன் பிறகு செடுனா. அங்கே எழுது. தபால் நிலையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறான், மணியைப் பார்க்கிறான்.

டாம்ஸ்

ஹியூன்வில்,
9 ஏப்ரல்

டாம்ஸ்,

என் நலத்தை விடு. இதைத் தபால் நிலையத்துக்குள்ளேயே படி. மனதில் ஏற்றிக்கொண்டு கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வா.

நீ பெரிதாக நினைக்கவில்லை.

வங்கிப் புத்தகத்தைக் கேட்காதே. கேட்டால் இடத்தை மாற்றுவான். எங்கே வைக்கிறான் என்று மட்டும் பார்த்துவை. யார் மேல் தப்பு என்று அவனிடம் வாதாடாதே, வண்டிக்குள் கூடவே கூடாது. அவன் சத்தம் போடுகிற வரைக்கும் ஆபத்து குறைவு. பேச்சை நிறுத்திவிட்டு எதையாவது துடைக்க ஆரம்பிப்பான் பார், கண்ணாடியை, கத்தியை, ஷூவை, எதையாவது. அப்போது உடனே மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போய்விடு. மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஏதாவது வாங்கிக்கொண்டு வருவான். அந்த நாளில் ஏமாந்துவிடாதே. அவன் நல்லவனாக்கும் என்று நீயும் நினைப்பாய், நானே எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஷூவைக் கழற்றாமல் தூங்கு. உன் கை நடுங்குவதைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய் என்று கேட்பான். பயமில்லை என்று சொல்லாதே, அது அவனுக்குப் பிடிக்காது. குளிருகிறது என்று சொல்.

நல்லார்பார் சமவெளிக்குள் அவனோடு நுழையாதே. செடுனாவிலேயே இறங்கிவிடு, பை போனால் போகட்டும். இறங்க முடியாவிட்டால், கண்ணில் படுகிற முதல் லாரிக்காரரிடம் பேசு. அவர்கள் அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நெரி

ஹியூன்வில்,
2 மே

டாம்ஸ்,

செடுனாவில் என் கடிதத்தை வாங்கினாயா? எப்படியும் அந்தப் பக்கம்தான் வருவாய் என்று இதை நார்ஸ்மனுக்கு அனுப்புகிறேன். ஒரே ஒரு வரி எழுது. வெறும் உறையை அனுப்பினால்கூடப் போதும். தபால் வரும் நேரத்தில் எனக்குக் கை ஓடுவதில்லை, அழுகல் ஆப்பிளை நல்ல பெட்டியில் வைக்கிறேன். ஹேசல்தான் எடுத்துப் போடுகிறாள்.

நெரி

எஸ்பெரன்ஸ்,
12 மே

அன்புள்ள நெரி,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

செடுனாவில் இறங்க முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் கிழித்துவிட்டு வெளியே வந்தபோது வண்டியை வாசலுக்கே கொண்டுவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். நான் கோழை என்று நீ சொல்லலாம், ஏறிவிட்டேன். சமவெளியில் ஒரு நாள் செங்குத்தான கரையோரம் என்னை இறக்கிவிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காற்று என்னை விளிம்புப் பக்கமே தள்ளியது. நான் தரையில் குப்புறப் படுத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது, “என்ன, ஆத்தாளக் கூப்டு அழுதியா?” என்று சிரித்தான். அன்று சாயங்காலம் பேச்சை நிறுத்திவிட்டு வண்டிக் கண்ணாடிகளைத் துடைத்தான். நாலு கண்ணாடியையும், உள்ளும் வெளியும். நல்லவேளை, அது யூக்ளாவில் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடை வாசல். சமையற்காரியோடு பாத்திரம் கழுவுகிறேன் என்று உள்ளே போய், கடை மூடும்வரை வரவே இல்லை.

மறுநாள் மதுரா என்கிற சிற்றூரைத் தாண்டி ஓர் ஒதுங்குமிடத்தில் நிறுத்தினான். பின் பக்கம் ஏறிப் படுத்தான், சாவி கைக்குள். குறட்டை வந்ததும் அவன் பக்கக் கதவு வழியாக இறங்கினேன். ஓட முடியாது, ஓடினால் எங்கே போவது, உப்புப் புதர்தான். அந்தச் சாலையில் பானெட் தூக்கி நிற்கிற வண்டியைக் கண்டுகொள்ளாமல் யாரும் போக மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும். பானெட்டைத் திறக்கிற நெம்புகோலை இழுத்தேன். அது டக்கென்று போட்ட சத்தம் அடிலெய்டு வரை கேட்டிருக்கும். அவன் புரண்டு, “என்ன பண்ற?” என்றான். “குளிருது” என்றேன். திரும்பவும் தூங்கிவிட்டான். போய்ப் பானெட்டைத் தூக்கிவைத்தேன்.

முதலில் வந்தது கேரவன் இழுத்து வந்த ஒரு வயதான ஜோடி. அதற்குள் அவன் எழுந்துவிட்டான். என் தோளில் கை போட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல சார், சூடாயிடுச்சு, ஆறட்டும்னு தொறந்து வெச்சிருக்கோம்” என்றான். அவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். நானும் கையசைத்தேன். அவர்கள் மறைந்ததும் என்னைப் பார்த்தான். “யாரு தூக்குனது?” என்று மெதுவாகக் கேட்டான். என் தோளில் போட்ட கை அங்கேயே இருந்தது.

அப்போதுதான் பெரிய லாரி ஒன்று பிரேக் போட்டது. நெவ் என்று பெயர், பீப்பாய் மாதிரி ஆள். டாரன் அதே கதையைச் சொன்னான். நெவ் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவே இல்லை.

“பச்சத் தண்ணியா இருக்கே. சூடாச்சுன்னு சொன்ன?”

“ரொம்ப நேரமா நிக்குது தலைவா.”

“உனக்கு எந்த ஊருக்கும்மா போகணும்?”

“அவ எங்கூட வந்தவ.”

“உன்னக் கேக்கல தம்பி. பானெட்டத் தூக்குன ஆளத்தான் கேக்கறேன்.”

நார்ஸ்மன் என்றேன். என் வங்கிப் புத்தகம் ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கிறது என்றும் சொன்னேன். நெவ் இரும்புக் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், டாரன் எடுத்துக் கொடுத்தான். நார்ஸ்மனில் போலீசில் எழுதிக் கொடுத்தேன். அவன் கிழக்கே திரும்பிவிட்டான் என்று சொன்னார்கள். உன் இரண்டாவது கடிதமும் அங்கே கிடைத்தது. இப்போது எஸ்பெரன்ஸில் ஒரு விடுதியில் அறை கூட்டுகிறேன். கதவு தட்டினால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

நெரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. துடைக்க ஆரம்பிப்பான் என்பது உனக்கு எப்படித் தெரியும்? குளிருகிறது என்று சொல்ல உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? போன கிறிஸ்துமஸுக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நீ முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குளிருகிறது என்றாய். நான் கேலி செய்தேன். காலினும் சிரித்தார்.

கிடங்கில் நீ வழுக்கி விழவில்லை, அப்படித்தானே?

பதில் போடு. எனக்குப் பயமாக இருக்கிறது, இது டாரனால் இல்லை.

டாம்ஸ்

ஹியூன்வில்,
6 ஜூன்

அன்புள்ள மைத்துனி டாம்சினுக்கு,

இங்கு நாங்கள் சௌக்கியம், உன் சௌக்கியமும் அறிய ஆவல். நெரிடாவுக்கு வீட்டில் வேலை சரியாக இருப்பதால் அவள் சார்பில் நான் எழுதுகிறேன். கிடங்கு வேலையை விட்டுவிட்டாள். ஈரத் தரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நீ கிடங்குக்கு எழுதிய கடிதத்தைக் கிடங்கு மேலாள் ரெக்ஸ் மதுக்கடையில் வைத்து என்னிடம் கொடுத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் கூட்டாளிகள். உன் சாகசத்தையெல்லாம் படித்துச் சிரித்தோம். கற்பனை உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஜாஸ்தி.

இனி வீட்டு விலாசத்துக்கே தாராளமாக எழுதலாம். தபால் பெட்டி நத்தைகளை உப்புப் போட்டுத் தீர்த்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் நானே பெட்டியைப் பார்க்கிறேன்.

எஸ்பெரன்ஸில் காற்று பலமாமே. குளிருமே! கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

இப்படிக்கு,
காலின்

ஆல்பனி,
14 ஜூன்

மதிப்புக்குரிய ஹேசல் அம்மா,

நீங்கள் நலமா? நான் நெரிடாவின் தங்கை டாம்சின். உங்கள் வீட்டு எண் தெரியாது. ஃபிராங்க்ளின் சின்ன ஊர், உங்கள் பாட்டை வைத்தே தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பி எழுதுகிறேன்.

காலின் எனக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் தூங்கவில்லை. நான் கேட்ட கேள்விதான் அவளை மாட்டிவிட்டது. நான் அங்கே வந்து நின்றால் அவர் அவளை என்ன செய்வாரோ என்று வரவும் பயமாக இருக்கிறது. இங்கிருந்து ஹியூன்வில் போலீசுக்குப் போன் செய்தேன். பேசியவர், “காலினா? நல்ல மனுஷனாச்சே, எங்க ஃபுட்பால் டீம் பயிற்சியாளர்” என்றார். வைத்துவிட்டேன்.

எஸ்பெரன்ஸ் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதால் ஆல்பனிக்கு மாறிவிட்டேன். விடுதியின் போன் எண் கீழே. மரம் ஏற்றுகிற லாரியை எடுத்துக்கொண்டு அவர் மலைக்குப் போகிற நாளில் அவளைப் போய்ப் பாருங்கள். அவள் இருக்கிறாளா என்று மட்டுமாவது பார்த்துச் சொல்லுங்கள். உங்களை விட்டால் அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை.

டாம்சின் பாஸ்கோ

டெவன்போர்ட், கப்பல் துறை,
25 ஜூன்

அன்புள்ள டாம்ஸ்,

கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலின் மலையில். ஹேசல் காலையில் வந்தாள், “அடுப்புல இருக்கறத எறக்கி வெச்சுட்டுக் கெளம்பு, கேள்வி கீள்வி கேட்ட, தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். தீவின் தெற்கிலிருந்து வடக்குவரை அவளே ஓட்டினாள். ஹேசல் பாடாமல் ஓட்டியதும்தான் எனக்குப் பயம் முழுசாக வந்தது.

உன் கடிதத்தை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். ஆறு வருடமாக. மணிக்கட்டு வழுக்கியதால் உடையவில்லை. அவர் முதுகுக்கும் ஒன்றும் இல்லை. உன்னோடு புறப்பட இருந்த நாளின் காலையில் என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் மடித்து வைத்தார், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து. உனக்கு எப்படிச் சொல்வேன்? நீ என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படியே நினைத்துக்கொண்டிரு என்று விட்டுவிட்டேன். உனக்கு நான் எழுதிய புத்தியை எனக்கு நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. உன் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்று படித்த அன்று கிடங்குக் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன்.

எந்த வாரம் வருவேன் என்று ஹேசல் உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். பேருந்து நிலையத்துக்கு மட்டும் வா. நான் வந்து சேர்ந்துவிட்டால் இந்தக் கடிதத்தை ஆல்பனித் தபால் நிலையத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, உறையின் பின்னால் எழுதியிருக்கும் ஹேசலின் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் சொன்ன வாரத்துக்குள் வராவிட்டால்தான் நீ போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே, டாம்ஸ், நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் வரவில்லை. அழுதுகொண்டு நிற்காதே. பெர்த்தின் பெரிய போலீஸ் அலுவலகத்துக்கு நேராகப் போ, ஹியூன்வில்லுக்கு வேண்டாம். காலினின் லாரி சிவப்பு, முன் விளக்கு ஒன்று உடைந்தது. ஜீவ்ஸ்டன் பாதையில் பழைய மரமறுக்கும் ஆலைக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு, அது ஊரில் யாருக்கும் தெரியாது. முதலில் அங்கே தேடச் சொல். இதையெல்லாம் நான் என் கையால், சுய நினைவோடு எழுதினேன் என்று காட்டு.

கார்கள் ஏறும் வரிசையில் சிவப்பாக எது வந்தாலும் எழுந்து நிற்கிறேன். இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஹேசல் என் மேல்கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறாள். பயம் கொஞ்சமும் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் ஏறப் போகிறேன்.

நெரி

ஃபிராங்க்ளின்,
2 ஆகஸ்ட்

அன்பு மக்களே,

நெரிடா, டாம்சின், ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்கன்னு இன்னைக்குத்தான் தைரியமா எழுத முடியுது. எனக்கு முழங்கால் வலி தவிரக் குறையில்லை.

போன் செய்யாதே, கடிதம் போடாதே என்று நான்தான் சொன்னேன். சொன்னதற்கு நானே அனுபவித்தேன். கப்பல் போன மறுநாளிலிருந்து காலின் என் சமையலறையில் வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு சத்தம் இல்லை. “டீ இருக்கா ஹேசல்?” என்பான். குடிப்பான். என் மேஜையிலிருக்கும் தபாலையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பான். பிறகு போவான். திடீரென்று ஒரு வாரம் வரவே இல்லை. லாரியும் இல்லை, ஆளும் இல்லை, கடல் தாண்டி மெயின்லாண்டுக்குப் போயிருப்பதாக ரெக்ஸ் சொன்னான். பெண்ணே, உன்னைக் கப்பலேற்றி அவன் கைக்கே அனுப்பிவிட்டேனோ என்று கிடந்து தவித்தேன். தனியாகத்தான் திரும்பி வந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்பேன்? அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வாரம்தான் ஹோபார்ட்டிலிருந்து வேறு போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை. எதைக் கண்டெடுத்தார்களோ என்று அன்று இரவெல்லாம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்குத் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். நெரிடாவின் எழுத்து. திருப்பிப் பார்த்தேன், ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அதன் மேல் ஆல்பனித் தபால் நிலையத்தின் ஊதா முத்திரை: ‘உரியவர் கேட்டு வரவில்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.’

அதைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். தபால்காரர் பயந்துபோய், “ஏதாவது கெட்ட சேதியா ஹேசல்?” என்று கேட்டார்.

“இல்லப்பா. ஒரு பொண்ணு ஊர் போய்ச் சேந்துட்டா” என்றேன்.

உங்கள் ஹேசல்